ஆய்வுப் பணியாளர்களின் பணிவாழ்வு வளர்ச்சி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பல்கலைக்கழக ஆய்வுத் திட்டங்களில் குறிப்பிட்ட காலத்துக்குப் பணியமர்த்தப்பட்டவர்கள், பணியில் சேர்ந்த முதல் வாரத்திலிருந்து ஒப்பந்தத்தின் கடைசி நாள் வரை கேட்கும் கேள்விகள் இங்கே தொகுக்கப்பட்டுள்ளன. அவர்களை வழிநடத்தும் ஆய்வுத் தலைவர்களுக்கான ஒரு கேள்வியும் இடையே உண்டு.

ஆய்வுப் பணியாளர் என்று யாரைச் சொல்கிறோம்?

இந்தச் சொல்லைக் கேட்டதும், முனைவர் பட்டம் முடித்துவிட்டு ஒரு பேராசிரியரின் குழுவில் சில ஆண்டுகளுக்கு ஊதியம் பெற்றுப் பணிபுரியும் முதுமுனைவர் ஆய்வாளரே முதலில் நினைவுக்கு வருகிறார். ஆய்வகத்தில் அவரைப் போஸ்ட்டாக் என்று சுருக்கமாகச் சொல்வார்கள். ஆனால் திட்ட உதவியாளர், ஆய்வக நுட்பர், புள்ளியியலாளர், தரவு மேலாளர், களப்பணியாளர் ஆகியோரும் அதே நல்கைப் பணத்தில், அதாவது ஆய்வுக்கென வழங்கப்படும் நிதியில், அதே திட்டத்துக்காக உழைப்பவர்கள்தாம். நுட்பர்களின் பங்களிப்பு வெளியே தெரிய வேண்டும், அவர்களுக்கும் வளர்ச்சிப் பாதை வேண்டும் என்பதற்காகவே பிரிட்டனில் 2017இல் நுட்பர்களுக்கான உறுதிமொழி ஒன்று தொடங்கப்பட்டது. கீழே உள்ள பதில்களில் பெரும்பாலானவை இவர்கள் அனைவருக்கும் பொருந்தும். முனைவர் பட்ட மாணவர்களுக்கான விதிகள் வேறு.

நிரந்தரப் பேராசிரியர்களுக்கு இல்லாத தனி ஆதரவு எங்களுக்கு மட்டும் எதற்கு?

உங்கள் பணி ஒரு திட்டத்தின் நிதியோடு கட்டப்பட்டிருக்கிறது என்பதால்தான். நிதி முடியும் நாளில் பணியும் முடிகிறது. அந்த நாள் எது என்பது பணிநியமனக் கடிதத்திலேயே அச்சிடப்பட்டிருக்கிறது. ஆயினும் அந்தத் தேதியைப் பற்றிப் பேச வேண்டிய கடமை யாருக்கும் இருப்பதாகத் தெரிவதில்லை. துறைத் தலைவர் அது ஆய்வுத் தலைவரின் பொறுப்பு என்று நினைக்கிறார். ஆய்வுத் தலைவர் அது பணியாளரின் சொந்த விஷயம் என்று நினைக்கிறார். பணியாளரோ, நல்ல கட்டுரை ஒன்று வெளிவந்துவிட்டால் எல்லாம் தானாக அமைந்துவிடும் என்று நம்பிக்கொண்டிருக்கிறார்.

அந்த நம்பிக்கைக்கு எவ்வளவு இடம் உண்டு என்பதைப் பிரிட்டனின் அறிவியல் கழகமான ராயல் சொசைட்டி 2010இல் வெளியிட்ட அறிக்கை ஒன்று காட்டியது. அந்நாட்டில் அறிவியலில் முனைவர் பட்டம் பெறுபவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் உடனேயே அறிவியல் துறைக்கு வெளியே செல்கிறார்கள் என்றும், பல்கலைக்கழகத்தில் நிரந்தர ஆய்வுப் பணியை அடைபவர்கள் ஏறத்தாழ 3.5 விழுக்காட்டினர் என்றும், பேராசிரியர் ஆகிறவர்கள் 0.45 விழுக்காட்டினர் என்றும் அது மதிப்பிட்டது. இருநூறு பேரில் ஒருவருக்கும் குறைவு. நாட்டுக்கு நாடு, துறைக்குத் துறை இந்த எண்கள் மாறும் என்றாலும், பெரும்பான்மையானோர் செல்லப்போகும் பாதையை மாற்று வழி என்று அழைத்துவிட்டு, மிகச் சிலர் செல்லும் பாதைக்கு மட்டும் பயிற்சி தருவது நியாயமில்லை. ஆதரவுத் திட்டங்கள் உருவானதற்கு அடிப்படைக் காரணம் இதுதான்.

ஆண்டுக்குப் பத்து நாள் என்று கேள்விப்படுகிறோம். அது என்ன?

ஆய்வாளர்களின் பணிவாழ்வு வளர்ச்சிக்காகப் பிரிட்டனின் பல்கலைக்கழகங்களும் நல்கை வழங்கும் அமைப்புகளும் ஏற்றுக்கொண்ட உடன்படிக்கை ஒன்று உண்டு. 2008இல் வெளிவந்த அது 2019இல் திருத்தி எழுதப்பட்டது. சூழலும் பண்பாடும், பணிநியமனம், பணிவாழ்வு வளர்ச்சி என்ற மூன்று கொள்கைகளின் கீழ் நிறுவனம், நல்கையாளர், ஆய்வுத் தலைவர், ஆய்வாளர் ஆகிய நான்கு தரப்பினருக்கும் தனித்தனியே கடமைகளை அது வகுத்தது. ஆய்வாளர் ஒவ்வொருவருக்கும் ஆண்டுக்குக் குறைந்தது பத்து நாட்கள் வளர்ச்சிக்கென ஒதுக்கப்பட வேண்டும் என்பது அதன் புகழ்பெற்ற விதி. பகுதிநேரப் பணியாளருக்கு அவரது பணிநேர விகிதப்படி அது குறையும்.

மற்ற இடங்களில் வேறு வடிவங்கள் உள்ளன. அமெரிக்காவின் தேசிய அறிவியல் அறக்கட்டளையிடம் முதுமுனைவர் ஆய்வாளருக்கு ஊதியம் கேட்டு விண்ணப்பிப்பவர், அவருக்கு எப்படி வழிகாட்டப்போகிறோம் என்ற திட்டத்தையும் இணைக்க வேண்டும் என்ற விதி 2009 முதல் இருந்து வருகிறது. ஐரோப்பிய ஆணையம் 2005இல் ஆய்வாளர்களுக்கான சாசனம் ஒன்றை வெளியிட்டது. 2023இல் அதற்குப் புதிய வடிவம் தரப்பட்டது. உங்கள் நிறுவனம் எதில் கையொப்பமிட்டிருக்கிறது என்பதை மனிதவளப் பிரிவிடம் எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். வாய்மொழியாகக் கேட்டால், பயிற்சி வகுப்புகளின் பட்டியல் ஒன்றைக் கையில் கொடுத்து அனுப்பிவிடுவார்கள்.

அந்தப் பத்து நாட்களில் எதையெல்லாம் கணக்கில் சேர்க்கலாம்?

வகுப்பறையில் உட்கார்ந்து கேட்கும் பயிற்சிகள் மட்டுமே கணக்கில் வரும் என்று பலர் தவறாக எண்ணுகிறார்கள். நல்கை மதிப்பீட்டுக் குழு ஒன்றில் பார்வையாளராக அமர்வது, வேறு ஆய்வகத்திலோ தொழில் நிறுவனத்திலோ இரண்டு நாள் உடனிருந்து கற்பது, இளநிலை மாணவர் ஒருவருக்கு வழிகாட்டுவது, கொள்கை வகுப்போருக்கான சுருக்கக் குறிப்பு எழுதுவது, பணிவாழ்வு ஆலோசகரைச் சந்திப்பது ஆகிய எல்லாமே வளர்ச்சிதான். உங்கள் திட்டத்தின் அன்றாட வேலைக்குத் தேவையான கருவிப் பயிற்சியை இதில் சேர்ப்பது எனக்கு ஒப்புதல் இல்லை. அது இல்லாமல் திட்டமே நடக்காது என்னும்போது, அதற்கான நேரத்தைத் திட்டம்தான் தர வேண்டும்.

ஆய்வுத் தலைவர் நேரம் தர மறுக்கிறார். என்ன செய்வது?

இந்தப் பக்கத்தில் உள்ள கேள்விகளிலேயே அதிகம் கேட்கப்படுவதும், விதிகளால் மட்டும் தீராததும் இதுதான்.

மறுப்பு பெரும்பாலும் நேரடி மறுப்பாக வருவதில்லை. "தாராளமாகப் போங்கள், ஆனால் அந்தத் தரவு வெள்ளிக்கிழமைக்குள் வந்துவிட வேண்டும்" என்று வரும். தலைவருக்கும் நெருக்கடி இருக்கிறது: நல்கையாளருக்கு அனுப்ப வேண்டிய அறிக்கை, அடுத்த நல்கைக்கான விண்ணப்பம், இதற்கிடையே வகுப்புகள். ஆகவே உரிமையைச் சுட்டிக்காட்டித் தொடங்குவதைவிட நாட்காட்டியைக் காட்டித் தொடங்குவது பலன் தரும். வாராந்தரச் சந்திப்பின் நடுவில், முடிவுகளைப் பற்றிய விவாதத்தோடு கலந்து இதைக் கேட்காதீர்கள். தனியாக அரை மணி நேரம் கேளுங்கள். சந்திப்புக்கு முதல்நாள் ஒரு பக்கக் குறிப்பை அனுப்பிவைக்கலாம். பேச்சை இப்படித் தொடங்கலாம்: "சார், இன்றைக்குத் திட்டத்தின் முடிவுகளைப் பற்றி இல்லாமல் என் அடுத்த கட்டத்தைப் பற்றிப் பேச வேண்டும். ஒப்பந்தம் முடிய இன்னும் பதினாறு மாதம் இருக்கிறது. அதற்குள் எனக்கு மூன்று விஷயம் தேவைப்படுகிறது. அவற்றில் இரண்டு உங்கள் திட்டத்துக்கும் உதவும்."

கடைசி வாக்கியம் வெறும் சமாதானமாக இருந்துவிடக் கூடாது. உண்மையிலேயே இரண்டு இருக்க வேண்டும். புள்ளியியல் பயிற்சியால் நிலுவையில் உள்ள தரவுப் பகுப்பாய்வு விரைவுபடும் என்றால் அதைச் சொல்லுங்கள். மூன்றாவதை, அதாவது உங்களுக்கு மட்டுமே பயன்படுவதை, மறைக்காமல் அப்படியே சொல்லுங்கள். சந்திப்பு முடிந்த அன்றே, ஒப்புக்கொண்ட தேதிகளை நான்கு வரியில் மின்னஞ்சலாக அனுப்புங்கள். ஆறு மாதம் கழித்து இருவருக்கும் நினைவு தவறும்போது அந்த நான்கு வரிதான் பேசும்.

இத்தனைக்குப் பிறகும் கதவு திறக்கவில்லை என்றால், ஆண்டு மதிப்பீட்டில் இதைப் பதிவு செய்யுங்கள். பிறகு துறையின் ஆய்வாளர் பிரதிநிதியையோ ஆய்வாளர் மேம்பாட்டு அலுவலரையோ அணுகலாம். பரிந்துரைக் கடிதம் எழுதப்போகிறவரோடு மோதுவதில் உள்ள அச்சம் நியாயமானது; அதை வெறும் கோழைத்தனம் என்று யாரும் சொல்லக் கூடாது. அதனாலேயே, தலைவரைத் தவிர உங்கள் வேலையை நேரில் அறிந்த மூத்தவர் இன்னொருவரையாவது முதல் ஆண்டிலேயே தேடிக்கொள்வது அவசியமாகிறது.

எப்போது தொடங்க வேண்டும்? முதலாண்டில் வேலையைக் கற்றுக்கொள்ளவே நேரம் போதவில்லையே?

ஒப்பந்தத்தின் கடைசி நாளை எழுதி, அங்கிருந்து பின்னோக்கி எண்ணிப் பாருங்கள்; பதில் கிடைத்துவிடும்.

இருபத்து நான்கு மாத ஒப்பந்தம் என்று வைத்துக்கொள்வோம். சொந்த நல்கை ஒன்றுக்கு விண்ணப்பித்த நாளிலிருந்து அதில் பணியைத் தொடங்கும் நாள் வரை ஓராண்டு கடந்துவிடுவது சாதாரணம். எனவே இடைவெளி விழாமல் இருக்க வேண்டுமானால் பன்னிரண்டாம் மாதத்தில் விண்ணப்பம் போயிருக்க வேண்டும். விண்ணப்பத்துக்கு ஏற்கும் நிறுவனத்தின் சம்மதம், வரவுசெலவு மதிப்பீடு, துறைக்குள் நடக்கும் பரிசீலனை ஆகியவை தேவை. அவற்றுக்கு மூன்று மாதம். ஆக, ஒன்பதாம் மாதத்தில் முதல் வரைவு கையில் இருக்க வேண்டும். வரைவு எழுதும் முன் கருத்தை நான்கு பேரிடம் பேசிச் செப்பனிட வேண்டும். அந்தப் பேச்சு ஆறாம் மாதத்தில் வருகிறது. ஆய்விதழில் கட்டுரை ஏற்கப்படவும் பல மாதங்கள் ஆகும் என்பதைச் சேர்த்தால், இந்த ஒப்பந்தத்தின் முதல் கட்டுரை அந்த விண்ணப்பத்தில் இடம்பெறாமலே போகக்கூடும். முந்தைய வேலையை வைத்தே விண்ணப்பிக்க வேண்டிவரும். இரண்டாண்டு ஒப்பந்தத்தில் முதலாண்டு முழுவதும் கற்கும் காலம் என்று நினைப்பவர் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்காதவர்.

பல நல்கைகளில் முனைவர் பட்டம் பெற்று இத்தனை ஆண்டுகளுக்குள் என்ற வரம்பும் உண்டு. மகப்பேறு, நீண்ட நோய், குடும்பத்தினரைப் பராமரித்த காலம் ஆகியவற்றைப் பெரும்பாலான நல்கையாளர்கள் அந்த வரம்பிலிருந்து கழித்துவிடுகிறார்கள். ஐரோப்பிய ஆய்வு மன்றம் தாய்மார்களுக்கு ஒரு குழந்தைக்கு 18 மாதங்கள் நீட்டிப்பு தருகிறது. தகுதிக் காலம் கடந்துவிட்டது என்று நீங்களே முடிவு செய்துவிடாமல், அறிவிப்பின் விதிகளைக் கடைசி வரி வரை படியுங்கள்.

தனிநபர் வளர்ச்சித் திட்டம் எழுதச் சொல்கிறார்கள். அது வெறும் படிவம்தானே?

பல இடங்களில் அப்படித்தான் ஆகிவிடுகிறது. ஒப்பந்தத்தின் தொடக்கத்தில் நிரப்பி, கையொப்பமிட்டு, கோப்பில் போட்டுவிட்டால் அது படிவம்தான்.

கருத்து மோசமானதன்று. அறிவியலாளர்கள் இணையத்தில் தாங்களே திறன்களையும் விருப்பங்களையும் மதிப்பிட்டுத் திட்டம் தீட்டிக்கொள்ள உதவும் மைஐடிபி என்ற கருவி 2012இல் அமெரிக்காவில் வெளிவந்தது. பிரிட்டனின் வைட்டே அமைப்பு 2010இல் உருவாக்கிய ஆய்வாளர் மேம்பாட்டுச் சட்டகம், ஓர் ஆய்வாளருக்கு வேண்டிய அறிவையும் பண்புகளையும் 4 பெரும் பிரிவுகள், 12 உட்பிரிவுகள், 63 கூறுகள் என்று பகுத்துவைத்தது. 63 கூறுகளிலும் தன்னை மதிப்பிட்டுக்கொண்டு உட்கார்ந்தால் பத்து நாளும் அதற்கே சரியாகிவிடும். மூன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்: இப்போது நன்றாக வருவது ஒன்று, அடுத்த பணிக்கு இல்லாமல் முடியாதது ஒன்று, வெகுநாளாகத் தள்ளிப்போட்டுக்கொண்டே வருவது ஒன்று. ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு செயல், ஒரு தேதி, செய்தீர்களா என்று கேட்க ஒரு ஆள். தேதியும் ஆளும் இல்லாத திட்டத்தை எழுதாமலே இருக்கலாம்.

எங்களை மதிப்பிடுவது ஆய்விதழின் தாக்கக் காரணியை வைத்துத்தானே? மற்றத் திறன்களை வளர்த்து என்ன பயன்?

தாக்கக் காரணி என்பது ஓர் ஆய்விதழின் கட்டுரைகள் சராசரியாக எத்தனை முறை மேற்கோள் காட்டப்படுகின்றன என்பதைச் சொல்லும் எண். நிலைமை மாறிக்கொண்டிருக்கிறது, ஆனால் எல்லா நேர்காணல் அறைகளிலும் ஒரே வேகத்தில் மாறவில்லை. 2012 டிசம்பரில் சான் பிரான்சிஸ்கோவில் நடந்த கூட்டத்தில் உருவாகி, அடுத்த ஆண்டு வெளியிடப்பட்ட டோரா அறிக்கை, தனிப்பட்ட ஆய்வாளரின் தரத்தை அளக்க ஆய்விதழின் தாக்கக் காரணியைப் பயன்படுத்தக் கூடாது என்று சொன்னது. ஆயிரக்கணக்கான நிறுவனங்கள் அதில் கையொப்பமிட்டுள்ளன. கையொப்பமிட்ட நிறுவனத்தின் தேர்வுக் குழுவிலும் பழைய பழக்கத்தில் இதழின் பெயரைத் தேடுபவர் ஒருவராவது இருப்பார் என்பதையும் மறக்க வேண்டாம்.

இந்த மாற்றத்தின் விளைவாக வந்ததுதான் விவரண வடிவத் தன்விவரக் குறிப்பு. ராயல் சொசைட்டி 2019இல் முன்வைத்த வடிவம் நான்கு கேள்விகளைக் கேட்கிறது: அறிவு உருவாக்கத்துக்கு என்ன செய்தீர்கள், பிறரை வளர்க்க என்ன செய்தீர்கள், ஆய்வுச் சமூகத்துக்கு என்ன செய்தீர்கள், பொதுச் சமூகத்துக்கு என்ன செய்தீர்கள். இப்படிப்பட்ட விண்ணப்பத்தைக் கடைசி இரவில் எழுத முடியாது, சான்றுகளைத் தொடக்கத்திலிருந்தே சேர்த்துவைத்திருக்க வேண்டும். மாணவர் ஒருவரின் முதல் கட்டுரைக்கு உதவினீர்களா, குறித்துவையுங்கள். நீங்கள் எழுதிய நிரலை வேறு குழு பயன்படுத்துகிறதா, அந்த மின்னஞ்சலைப் பத்திரப்படுத்துங்கள். கட்டுரையில் யார் எதைச் செய்தார்கள் என்பதை 14 பங்களிப்பு வகைகளாகப் பிரித்துக் காட்டும் கிரெடிட் முறையைப் பல ஆய்விதழ்கள் ஏற்றுள்ளன. ஆசிரியர் வரிசையில் ஐந்தாவதாக வரும் தரவு மேலாளருக்கு முதலாம் ஆசிரியரைவிட இது அதிகம் உதவும். 2012இல் தொடங்கிய ஆர்கிட் என்ற பதினாறு இலக்க அடையாள எண்ணை இன்னும் பெறவில்லை என்றால் இன்றே பெறுங்கள். அது இலவசம்; நிறுவனம் மாறினாலும் உங்களோடு வரும்.

பல்கலைக்கழகத்தை விட்டு வெளியேறுவது தோல்வியா?

இல்லை. வெளியேறியவர்களிடம் இந்தக் கேள்வியைக் கேட்டால் அவர்களுக்குப் புரியவே சில நொடிகள் ஆகும். உள்ளே இருப்பவர்களைத்தான் இது தூங்கவிடாமல் செய்கிறது. சுற்றியுள்ள மூத்தவர்கள் அனைவரும் வெளியேறாதவர்கள் என்பதால் வேறு வாழ்க்கை எப்படி இருக்கும் என்று காட்ட அங்கே ஆளில்லை. எனவே முதல் வேலை, அந்த ஆட்களைத் தேடிப் போவது. உங்கள் குழுவிலிருந்து கடந்த சில ஆண்டுகளில் சென்றவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று பட்டியலிடுங்கள். அவர்களில் மூவரிடம் இருபது நிமிடம் கேளுங்கள். வேலை கேட்காதீர்கள், அவர்களுடைய ஒரு நாள் எப்படிக் கழிகிறது, பணியில் சேர்ந்தபோது எதைப் புதிதாகக் கற்க வேண்டியிருந்தது என்று மட்டும் கேளுங்கள்.

அடுத்தது மொழி. கல்விப்புலத் தன்விவரக் குறிப்பு பல பக்கம் நீளும், வெளியிலோ இரண்டு பக்கத்துக்கு மேல் படிக்க மாட்டார்கள். ஒரு கற்பனை எடுத்துக்காட்டைப் பாருங்கள்: "புரதங்களின் வடிவ மாற்றம் குறித்த திட்டத்தில் முதுமுனைவர் ஆய்வாளர், மூன்று கட்டுரைகள்." இதைப் படிக்கும் மேலாளருக்கு நீங்கள் என்ன செய்தீர்கள் என்பதே தெரியாது. அதே இரண்டாண்டை இப்படியும் எழுதலாம்: "நான்கு பேர் பகிர்ந்துகொண்ட அளவீட்டுக் கருவியின் அட்டவணையை நிர்வகித்தேன். மாதிரிச் சோதனையின் வழிமுறையை மாற்றி, மூன்று வாரம் எடுத்ததை நான்கு நாளாகக் குறைத்தேன். அந்த வழிமுறையை எழுதிவைத்ததால் இரண்டு ஆய்வகங்கள் இன்று அதைப் பின்பற்றுகின்றன." இரண்டும் உண்மை. முதலாவது பதவியைச் சொல்கிறது, இரண்டாவது வேலையைச் சொல்கிறது.

வழிகாட்டி, ஆய்வுத் தலைவர், பணிவாழ்வு ஆலோசகர் ஆகியோருக்குள் என்ன வேறுபாடு?

ஆய்வுத் தலைவருக்கு உங்கள் திட்டத்தின் வெற்றியில் பங்கு உண்டு. ஆகவே அவருடைய அறிவுரை எவ்வளவு நல்லெண்ணத்தோடு வந்தாலும் அதில் ஒரு சாய்வு இருக்கும். வழிகாட்டி வேறு துறையிலோ வேறு குழுவிலோ உள்ள மூத்தவர். தான் நடந்த வழியைச் சொல்வார். ஆலோசகர் உங்கள் துறையை அறியாதவராக இருக்கலாம், ஆனால் விண்ணப்பங்களும் நேர்காணல்களும் எப்படி மதிப்பிடப்படுகின்றன என்பதை அறிந்தவர்.

ஆலோசகரிடம் சொல்வது தலைவருக்குத் தெரியுமா?

பொதுவாக இச்சந்திப்புகள் இரகசியமானவை. முதல் சந்திப்பின் தொடக்கத்திலேயே கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள்.

கற்பித்தல் அனுபவம் தேவையா?

ஆசிரியப் பணியை நாடுபவருக்குத் தேவை. ஒரு பாடத்தின் சில வகுப்புகளை முழுமையாகப் பொறுப்பேற்று நடத்தி, மாணவர் கருத்துகளைச் சேர்த்துவைத்தால் போதும். மூன்றாம் முறையாக அதே செய்முறை வகுப்புக்கு உதவச் சொன்னால் பணிவாக மறுத்துவிடலாம்.

தொடர்ந்து ஒப்பந்தத்தை நீட்டித்துக்கொண்டே போகிறார்கள். இது நல்லதுதானே?

ஊதியம் தடைபடாது என்ற அளவில் நல்லது. பணிவாழ்வு நோக்கில் ஒவ்வொரு நீட்டிப்பையும் புதிய பணி போலக் கருதி, இதில் எனக்குப் புதிதாக என்ன சேர்கிறது என்று கேட்க வேண்டும். சட்டமும் இதில் நாட்டுக்கு நாடு வேறுபடுகிறது. பிரிட்டனில் 2002ஆம் ஆண்டின் விதிமுறைகள்படி, தொடர் ஒப்பந்தங்களில் நான்கு ஆண்டுகள் பணிபுரிந்தவர், நிறுவனம் தக்க காரணம் காட்டாவிட்டால், நிரந்தரப் பணியாளராகக் கருதப்படுவார். ஜெர்மனியில் 2007ஆம் ஆண்டின் சட்டம் முனைவர் பட்டத்துக்கு முன் ஆறு ஆண்டுகள், பின் ஆறு ஆண்டுகள் என்று பொதுவான வரம்பு வைத்தது. அதை எதிர்த்து 2021இல் ஆயிரக்கணக்கான ஆய்வாளர்கள் 'நான்தான் ஹன்னா' என்ற முழக்கத்தோடு சமூக ஊடகங்களில் தங்கள் நிலையை எழுதினார்கள். அச்சட்டத்தை விளக்க அரசு வெளியிட்ட காணொளியில் வந்த கற்பனை ஆய்வாளர்தான் ஹன்னா.

நான் ஆய்வுத் தலைவர். என்னிடம் என்ன எதிர்பார்க்கப்படுகிறது?

ஆண்டுக்கு இருமுறை, தரவைப் பற்றிப் பேசாத ஒரு மணி நேரம். குழுவை விட்டுச் சென்றவர்களின் பெயர்களையும் அவர்கள் இன்று செய்யும் பணியையும் புதியவர்களுக்குத் தயங்காமல் சொல்வது. நல்கை விண்ணப்பம் எழுதும்போதே பயிற்சிக்கான நாட்களைக் கால அட்டவணையில் சேர்ப்பது. பிறகு சேர்க்க இடமிருக்காது. திட்டத்திலிருந்து எந்தப் பகுதியைப் பணியாளர் தம்முடையதாக எடுத்துச் செல்லலாம் என்பதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுவது. கடைசியாகச் சொன்னதைத்தான் தலைவர்கள் மிகவும் தவிர்க்கிறார்கள். பிற்காலத்தில் பகையாக முடியும் உறவுகள் பலவற்றின் வேர் அங்கேதான் இருக்கிறது.

ஒப்பந்தம் முடிய மூன்று மாதமே இருக்கிறது. இதுவரை எதுவும் செய்யவில்லை. இனி என்ன?

பெரிய நல்கைகளை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். இந்த வாரமே ஆய்வுத் தலைவரிடம் நேரடியாகக் கேட்க வேண்டியவை இரண்டு: அடுத்த நிதி வரும்வரை தாங்கும் குறுகிய கால இடைநிதிக்கு வாய்ப்பு உண்டா, பரிந்துரையாளராக அவர் பெயரைக் கொடுக்கலாமா. அடுத்த வாரம் பணிவாழ்வு ஆலோசகரைச் சந்தித்து இரண்டு பக்கத் தன்விவரக் குறிப்பை முடியுங்கள். பாதியில் நிற்கும் கட்டுரைகளில் முடிக்கக்கூடிய ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு, மற்றவற்றை யார் முடிப்பார், ஆசிரியர் வரிசை எப்படி அமையும் என்பதை எழுத்தில் ஒப்புக்கொள்ளுங்கள். மாற்றுப் பணி தேடித்தரும் ஏற்பாடு மனிதவளப் பிரிவில் இருந்தால், கடைசி மாதத்துக்கு முன்பே பதிவு செய்ய வேண்டியிருக்கும்.

பல்கலைக்கழக மின்னஞ்சல் கணக்கு பணி முடிந்ததும் மூடப்படும். ஆய்விதழ்களில் தொடர்பு முகவரியாகவும், ஆர்கிட் கணக்கிலும், விண்ணப்பத் தளங்களிலும் அந்த முகவரியையே கொடுத்திருப்பீர்கள். எல்லாவற்றிலும் சொந்த முகவரியைச் சேர்த்துவிட்டு, எந்தத் தரவையும் நிரலையும் உடன் எடுத்துச் செல்லலாம் என்பதற்கு எழுத்து மூலம் அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள். இதற்கு ஒரு பிற்பகல் போதும். ஆனால் கணக்கு மூடப்பட்ட மறுநாள் முயன்றால் ஒரு மாதமும் போதாது.